வராதவர்களின் சம்மதம்

அன்று ஆலை வாசலில் மேலாளர் இருந்தார். தாசில்தார் இருந்தார். பத்திரிகை நிருபர்கள் இருந்தார்கள். நான் இருந்தேன். மீன்பிடிக்கிறவர்களில் ஒருவர்கூட இல்லை. அவர்களால் வர முடியாத நாளைத் தேர்ந்து கொடுத்தவன் நான்தான்!

சென்ற மாதம் சிதம்பரத்தில் என் பேச்சைக் கேட்ட மாணவர்களே, இதை உங்களுக்காகவே எழுதுகிறேன். மக்கள் தொடர்பு வேலைக்கு வர நினைக்கும் உங்களிடம், "கூட்டத்துக்கு நாள் பார்த்து வையுங்கள், பாதி வேலை முடிந்தது" என்றேன். சிரித்தீர்கள். அது என்ன நாள் என்று ஒருவராவது கேட்டிருக்கக் கூடாதா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா... தெரியவில்லை.

நான் கடலூர்ப் பக்கத்து மீனவர் குப்பத்தில் பிறந்தவன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன். ஆலையில் எனக்கு வேலை கிடைத்தது பட்டத்தால் மட்டுமன்று. குப்பத்து ஜனங்களின் வழக்கமெல்லாம் எனக்கு அத்துபடி என்பதாலும்தான்.

ஆலையின் கழிவுநீர்க் குழாய் ஆற்று முகத்துவாரத்தில் திறந்தது. மீன் செத்து மிதந்தது. குழாயை மாற்றச் சொல்லி ஊரார் மனுக் கொடுத்தார்கள். தாசில்தார் நேரில் விசாரிப்பதாக ஏற்பாடு. எந்த நாள் என்று மட்டும் நாங்கள் சொல்ல வேண்டும்; சொன்ன அன்றே வந்துவிடுவார்.

அப்படியிருக்கையில் ஒரு காலையில் என் பெரியப்பா இறந்த செய்தி வந்தது.

எங்கள் ஊரில் சாவு விழுந்தால், அடக்கம் முடியும்வரை எவரும் கடலுக்குப் போகமாட்டார்கள், ஊரெல்லையும் தாண்டமாட்டார்கள். ஆலையில் இது யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்!

அழுதேன். உண்மையாகவே அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு மேலாளரிடம் போய், "இன்றைக்கே வைத்துக்கொள்ளலாம் சார்" என்றேன். ஊருக்கும் முறைப்படி ஆளனுப்பிச் சொன்னேன். அது இன்னும் கேவலமல்லவா?

"மனு குடுத்தவங்க எங்கப்பா, ஒருத்தரையும் காணோம்?" என்றார் தாசில்தார்.

"சொல்லியனுப்பினேன் சார். குறை இருந்தால் வந்திருப்பார்கள்."

"மீன்காரங்கதான் வரல, மீன் வறுவலாச்சும் வருமா?" என்றார் ஒரு நிருபர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்... அன்றைக்கு!

மாலையில் பெரியப்பாவின் மருமகன், அடக்கம் முடித்துக் குளித்த ஈரத்தோடு, கடலூர் செம்மண்டலத்தில் நான் தங்கியிருந்த அறைக்கு வந்தான்.

"ஏன் மச்சான், ஒங்க பெரியப்பாவத் தூக்கக்கூட வரலியே. ஆபீசர் தோளு, வலிக்குமோ?"

நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தினேன். அவன் உட்காரவில்லை.

"பொணத்தப் போட்டுட்டு நாங்க எப்பிடி வர்றது? நீ அங்க இருக்கியே, வேற நாளுக்கு மாத்திடுவன்னு நெனச்சோம். அவுங்க அதிகாரிங்க, அவுங்களுக்குத் தெரியாது. நீ ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

அந்த ஒரு வார்த்தையைச் சொன்னவனே நான்தான் என்பது அவனுக்கு இன்றுவரை தெரியாது.

மனு தள்ளுபடியாயிற்று. குழாய் அங்கேயே இருக்கிறது. எனக்குப் பதவி உயர்வு! அவர்களோ வலையை மடித்து வைத்துவிட்டு, சேத்தியாத்தோப்புப் பக்கம் அறுப்புக் கூலிக்குப் போகிறார்கள். இப்போதாவது உண்மையைச் சொல்லலாமே என்கிறீர்களா? ஒவ்வொரு நாளும் வாய்வரை வருகிறது... உங்களுக்கு எழுத முடிகிறது. அவர்களிடம் முடியவில்லை.

சென்ற வாரம், ஊருக்குப் பொதுவான பெரிய வலையையும் விற்றுவிட்டார்கள். வாங்க வந்த வியாபாரியிடம் விலை பேசித் தரச் சொல்லி, படித்த பிள்ளை, நம்ம பிள்ளை என்று என்னைத்தான் அழைத்தார்கள். போனேன். பேசினேன்.

இருநூற்று நாற்பது ரூபாய்க்கு, என் ஒரு மாதச் சம்பளத்துக்கு, முடித்துக் கொடுத்தேன்.