விழாத கோப்பைகள்

டோமினிக் விழுந்தால் எங்கள் தெருவே சிரிக்கும். செராமிக் பட்டறையில் கோப்பை அடுக்கிய பலகையைத் தோளில் சுமப்பது அவன் வேலை. பழைய ஊமைப்படங்களின் சி.டி. ஒன்று எப்படியோ அவன் கையில் சிக்கியது. எல்லாம் பத்து நிமிஷச் சிரிப்புப் படங்கள். உதைபடுவதும் வழுக்குவதும், பலகையோடு திரும்பிப் பின்னால் வருபவனைச் சாய்ப்பதும்தான் கதை. அதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, வருஷா வருஷம் மாதா கோயில் திருவிழா மேடையில் வாயே திறக்காமல் செய்து காட்டுவான். எப்படி உருண்டாலும் பலகையிலிருந்து கோப்பை விழாது. பசை போட்டு ஒட்டியவை என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

2006-ல் பட்டறையில் நிஜமாகவே வழுக்கி முதுகெலும்பில் அடி. இன்னொரு தடவை விழுந்தால் நடமாட்டமே போய்விடும் என்றார் டாக்டர். மனுஷன் அடங்கினானா? திருவிழா வந்ததும் முகத்தில் பவுடர் பூசிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

"வுழ மாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணுங்க" என்றாள் அவன் மனைவி டெய்சி. அவளுக்கும் அவள் சிநேகிதியான எனக்கும் அதே பட்டறையில்தான் வேலை.

"சும்மா தள்ளாடுறதோட சரி. போதுமா?"

மேடைக்கு முன்னால் என் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் கை சில்லென்று இருந்தது.

மேடைச் சாமான் கொண்டுவந்தவன் அடைக்கலம். அவசரத்தில், கோப்பை ஒட்டிய பலகையை விட்டுவிட்டு, சுவரோரம் காய்ந்துகொண்டிருந்த, இன்னும் சூளைக்குப் போகாத பச்சைக் கோப்பைப் பலகையைத் தூக்கி வந்திருந்தான், மடையன். தோளில் ஏற்றியதுமே டோமினிக்குக்குத் தெரிந்திருக்கும். ஒரு கோப்பை ஆடியது. அதைக் காப்பாற்ற உடம்பை வளைத்தான். கால் வழுக்கி மல்லாக்க விழுந்தான். பலகை மட்டும் இரண்டு கையிலும் நேராக நின்றது.

கூட்டம் விசிலடித்தது. அவன் எழுந்திருக்கவில்லை. வழக்கம்போல வாயும் திறக்கவில்லை.

டெய்சி மேடைக்கு ஓடினாள், பின்னாலேயே நான். அதுவும் நாடகம் என்று நினைத்து இன்னும் சிரித்தார்கள்.

"புடி டெய்சி. ஒட்டல, பச்ச" என்றான் மெதுவாக.

வாங்கிக்கொண்டாள். பட்டறைக் கை அல்லவா, கீழே போட வரவில்லை. யாரிடம் கொடுப்பது என்று அங்குமிங்கும் பார்த்தாள். சிரிப்பு இன்னும் கூடியது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"எழுந்திரிங்களேன்!" என்று கத்தினாள் டெய்சி.

"காலு இருக்குதான்னே தெரியலடி."

டெய்சி பலகையை விட்டுவிட்டாள். கோப்பைகள் பொலபொலவென்று மண்ணாக நொறுங்கின.

கூட்டத்தில் பாதிப் பேர் பட்டறை ஆட்கள். பச்சைக் கோப்பையை எவளும் விளையாட்டுக்குப் போட்டு உடைக்க மாட்டாள் என்று அவர்களுக்குத் தெரியும். சிரிப்பு அப்படியே நின்றுபோனது.