டெல்மா அடிக்கச் சொன்ன வார்த்தை

அமெரிக்காவின் வடக்கே எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், சாலைப் பனியைத் தள்ளும் லாரி ஓட்டுகிறவர்களில் டெல்மா ஹௌகனுக்கு இருந்த வாய் வேறு யாருக்கும் கிடையாது. நான் அந்த லாரிகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக். பிரேக் சத்தம் போட்டால் முதல் திட்டு எனக்குத்தான்.

பெட்ரோல் வரியையும் வண்டிப் பதிவுக் கட்டணத்தையும் எடுத்து, மாநில அரசு தலைநகரில் விளையாட்டு அரங்கம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. இங்கே ஓடைப் பாலத்தில் லாரி ஏறினாலே பாலம் ஆடும். அந்தப் பணத்தை வேறு எதற்கும் தொடக் கூடாது என்று மாநில அரசியல் சாசனத்திலேயே எழுதிவிடலாம் எனக் கிளம்பினார் எங்கள் சட்டசபை உறுப்பினர் கெய்ல் ப்ருன்னர். சர்ச்சின் கீழ்த்தளத்தில் கூட்டம் போட்டு, வரைவை வாசித்தார். 'சாலைக்கும் போக்குவரத்துக்கும் மட்டும்' என்று அதில் இருந்தது. டெல்மா காபிக் கோப்பையோடு எழுந்தாள்.

"போக்குவரத்தா? கவர்னர் ப்ளேன்ல ஊர் சுத்துறதும் போக்குவரத்துதான்! அந்த ஓட்டை வழியாத்தான் எல்லாம் போவும். அடிங்க அந்த வார்த்தைய!"

ஒரே கைதட்டல். ப்ருன்னர் சிரித்துக்கொண்டே அங்கேயே பேனாவால் அடித்தார்.

"டெல்மா சொன்னா அப்பீல் ஏது?"

நானும் கைதட்டினேன். இன்று நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

இந்தத் திருத்தத்துக்கு ஓட்டுக் கேட்டு, கோடை முழுக்க அவள் வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். அவள் கணவன் ரஸ்ஸுக்குச் சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெட்டு, பார்வையும் மங்கிவிட்டிருந்தது. அப்படியும் தடவித் தடவி, ப்ருன்னரின் பிரசாரப் பலகைகளுக்கு மரச்சட்டம் அடித்துக் கொடுத்தான். நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் ஜெயித்தோம்; திருத்தம் சாசனத்தில் ஏறியது.

அடுத்த இலையுதிர் காலத்தில் ரஸ்ஸுக்குக் கடிதம் வந்தது. வாரம் மூன்று நாள் நாற்பது மைல் தள்ளி அவனை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போன கவுண்டி வேன் இனி வராது. வேன் சாலைக் கணக்கில் சேராதாம், அது போக்குவரத்தாம்.

தீயணைப்பு நிலையத்தில் நடந்த பான்கேக் விருந்தில் டெல்மா ப்ருன்னரை மடக்கினாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"ஏதோ தப்பா எழுதிட்டாங்க கெய்ல். வேன் ரோட்டுலதானே போவுது?"

"நான் என்ன பண்ண முடியும் டெல்மா? சாசனம். நீதானே அடிக்கச் சொன்ன?"

"அந்த வார்த்தைலதான் வேன் ஓடிட்டிருந்துச்சுன்னு அன்னைக்கே உனக்குத் தெரியுமா?"

அவர் தட்டைப் பார்த்தார்.

"அது இருந்தா சிட்டிக்காரன் இந்தப் பணத்துல பஸ் கேப்பான். நம்ம பக்கம் ஒரு ஓட்டு விழாது."

"தெரியுமான்னு கேட்டேன்."

"தெரியும்."

ரஸ் வீட்டில் எத்தனை முறை சாப்பிட்ட மனிதர்! வாய்க்குப் பேர்போன டெல்மாவோ தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனாள். அந்த வாரமே வேலையை விட்டுவிட்டு, ரஸ்ஸைத் தானே கூட்டிப்போக ஆரம்பித்தாள்.

டிசம்பரில் பனி கொட்டியது. சாலைப் பணத்தில் வாங்கிய புது லாரிகள் இரண்டு ஓட்ட ஆளில்லாமல் ஷெட்டில் நின்றன. மூன்றாம் நாள் காலையில் அவளுக்குப் போன் செய்தேன்.

"கிளம்பிட்டியா?"

"எங்க கிளம்புறது? வாசல்ல இடுப்பளவு கெடக்கு. முந்தாநாளும் போவல, இன்னிக்கும் போவல. அவனுக்குக் காலு வீங்கிடுச்சு."

பின்னாலிருந்து ரஸ்ஸின் குரல் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது.

"எதுக்கு அவனப் போட்டு தொந்தரவு பண்ற? கெய்லுக்குப் போன் போடு டெல்மா. நம்ம ஆளு. சொன்னா வேன் அனுப்புவான்."

"அன்னைக்குக் கெய்ல் சொன்னத இவன்ட்ட நான் இன்னும் சொல்லல," என்றாள் டெல்மா என்னிடம், குரலைத் தாழ்த்தி.