வாலேக்கியாவும் பதினான்கு ஏக்கரும்

போன வாரம் தஞ்சாவூரில் ஒரு கல்யாணம். பக்கத்து நாற்காலிக்காரரின் பட்டுச் சட்டையிலிருந்து அந்துருண்டை வாசம் அடித்தது. எனக்கு உடனே வாலேக்கியா ஞாபகம் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் கும்பகோணத்துக்குத் தெற்கே ஒரு தனியார் கல்லூரியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். தாளாளர் முந்நூறு ஏக்கர் மிராசுதார். பெட்டியிலிருந்து எடுத்த பட்டு ஜிப்பாவோடு அவர் வராந்தாவில் வந்தால், அவருக்கு முன்னால் அந்த வாசம் வரும். நாங்கள் எழுந்து நின்றுவிடுவோம். வாசத்துக்கே எழுந்த ஆசிரியர்கள் நாங்கள்.

பாடத்தில் வாலேக்கியா ஒன்றரைப் பக்கம். இன்றைய ருமேனியாவில் ஒரு பகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது பேருக்குத் துருக்கி சுல்தானுக்குக் கீழே. உள்ளே உட்கார்ந்திருந்ததோ ரஷ்யப் படை. ரஷ்யர்கள் சீர்திருத்தம் என்று ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். எழுத உட்காரவைத்தது உள்ளூர் நிலப்பிரபுக்களை. எழுதி முடித்தபோது, குடியானவன் ஆண்டைக்குச் சும்மா உழைக்கும் நாட்கள் கூடியிருந்தன. பிறகு பாரிசில் படித்துவிட்டு வந்த இளைஞர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அந்தச் சட்டப் புத்தகத்தைத் தெருவில் கொளுத்தினார்கள். உழுகிறவனுக்கு நிலம் என்றார்கள். நிலப்பிரபுக்கள் முறைத்ததும் அதற்காகப் போட்ட குழு கலைந்துபோனது. இதையெல்லாம் ஏதோ சந்திரமண்டலத்துச் சங்கதிபோலச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அஞ்சம்மாள் எழுந்தாள். சேரியிலிருந்து அந்தக் கல்லூரிக்கு வந்த முதல் பெண்.

“நெலம் வச்சிருக்கவங்களே சட்டம் எழுதுனா வேற எப்படி சார் இருக்கும்? எங்கப்பா பேர்ல பதினாலு ஏக்கர் இருக்கு. அவரு அதே நெலத்துல கூலிக்கு நாத்து பறிக்கிறாரு.”

நில உச்சவரம்புச் சட்டம் வந்திருந்த நேரம். வரம்புக்கு மேல் இருந்ததை மிராசுதார்கள் பண்ணையாள், சமையல்காரர் என்று கண்டவர் பேரிலும் எழுதிவைத்தார்கள். கைநாட்டு வைத்தவர்களுக்கே விஷயம் தெரியாது. தாலுகா ஆபீஸ் பட்டியலில் அப்பா மாரிமுத்துவின் பேரை அஞ்சம்மாளே படித்திருக்கிறாள். அந்த நிலம் எங்கள் தாளாளருடையது.

மறுநாள் அவர் கூப்பிட்டார். “என்ன தம்பி, ருமேனியாவுலயும் உச்சவரம்பு உண்டா?”

“அது பரீட்சைக்கு வராதுங்கய்யா. விட்டுடறேன்.”

விடச் சொல்லி அவர் கேட்கவே இல்லை. வகுப்பில் அந்த ஒன்றரைப் பக்கத்தை அடித்துவிடச் சொன்னேன். எல்லாரும் அடித்தார்கள். அஞ்சம்மாள் பேனாவைத் திறக்கவில்லை. அந்த வாரமே, அப்பா பேரில் இருப்பது பினாமி நிலம் என்று தாலுகா ஆபீசுக்கு மனு எழுதிப் போட்டாள்.

விசாரணைக்கு முன்பே பண்ணைக் கணக்குப்பிள்ளை மாரிமுத்துவுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்திருந்தார். “நெலம் என்னுதுதான்னு சொல்லு, போதும்.” அதிகாரி கேட்டபோது மாரிமுத்து சொன்னார்: “குடிசை வாசல்கூட என்னுது இல்லீங்க. அது ஆண்டை நெலம். கைநாட்டு வைக்கச் சொன்னாங்க, வச்சேன்.”

அவ்வளவுதான். நிலம் தாளாளருடையது என்றாகி, உபரியென்று அரசு அதை எடுத்துக்கொள்ள, மாரிமுத்து உட்படப் பதினான்கு குடும்பங்களுக்கு ஆளுக்கு ஒரு ஏக்கராகப் பிரிந்தது.

தாளாளர் நொடித்துப்போனார் என்றா நினைக்கிறீர்கள்? அடுத்த மாதமே அவர் தோளில் ஆளுங்கட்சிக் கரைத்துண்டு ஏறியது. பட்டா வழங்கும் விழாவுக்கு அவரே தலைமை. ‘உழவர்க்கு நிலம் ஈந்த வள்ளல்’ என்று அலங்கார வளைவு. மைக்கில் மொழி, இனம், எழுச்சி, சுயமரியாதை எதற்கும் குறைவில்லை. வரவேற்புரை, வேறு யார், நான்தான்.

மாரிமுத்து மேடையேறினார். தாளாளர் பட்டாவைச் சற்றுத் தாழப் பிடித்துக்கொண்டு, அவர் குனிவதற்காகக் காத்திருந்தார். மாரிமுத்து குனியவில்லை. ஒரு கையால் வாங்கி, கீழே நின்ற மகளை மேலே கூப்பிட்டார்.

“சரியா இருக்கான்னு படி.”

அவள் சர்வே எண்ணிலிருந்து கடைசி வரி வரை நிதானமாகப் படித்தாள். முடியும்வரை தாளாளர் உட்பட எல்லாரும் நின்றோம்.

அந்தக் காலத்து மரியாதையெல்லாம் எங்கே போயிற்று என்று என் வயதுக்காரர்கள் இப்போது அங்கலாய்க்கிறார்கள். அது போன அன்று நான் அந்த மேடையில்தான் இருந்தேன், கைகட்டிக்கொண்டு.