ஐம்பதாம் சில்லு

எங்கள் ஊர் நூல் மில்களில் வாசலிலேயே சோதனை உண்டு. பஞ்சு இருக்கும் இடம் என்பதால் பீடியும் தீப்பெட்டியும் உள்ளே போகக் கூடாது. வெளியே புகைப்பவர்கள் உள்ளே வந்ததும் புகையிலைக்கு மாறிவிடுவார்கள். துப்பினால் அபராதச் சீட்டு. அதனால் ஷிப்ட் முடியும்வரை கன்னத்தில் அதக்கியே ஓட்டிவிடுவார்கள், ஆணும் பெண்ணும். சீட்டு எழுதுகிறவன் நான். இராஜபாளையத்து மில் ஒன்றில் சூப்பர்வைசர்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் மகள் மதுரையில் ஆராய்ச்சிப் படிப்பில் இருந்தாள். வாய்ப்புற்று வெளியே தெரிவதற்கு வெகுகாலம் முன்பே கன்னத்துச் செல்கள் ஏதாவது சொல்லுமா என்பது அவள் கேள்வி. மரக்குச்சியால் இரண்டு கன்னத்தின் உட்புறத்தையும் லேசாகச் சுரண்டி, ஒரே கண்ணாடிச் சில்லின் இரு பாதியிலும் தனித்தனியாகத் தேய்த்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பாள். நல்ல செல்லில் ஒரே ஒரு உட்கரு. அடிபட்ட செல்லில் அதன் அருகே இன்னொரு சின்னப் புள்ளி. "கோழிக்குப் பக்கத்துல குஞ்சு நிக்கிற மாதிரிப்பா" என்றாள்.

எங்கள் ஊர் மில்காரர்கள் ஐம்பது பேர். ஒப்பிட்டுப் பார்க்க, மில்லோடு சம்பந்தமில்லாத ஐம்பது பேர் ஸ்ரீவில்லிபுத்தூரில். அவளைத் தனியாக அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அவள் பஸ் கால்மணி தாமதித்தாலே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுகிறவன் நான். சில்லுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு ஊரிலும் அவள் பின்னாலேயே நடந்தேன்.

எங்கள் ஊரில் ஒரு வீட்டில், "புகையிலை போடுவீங்களா?" என்று கேட்டாள். வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "சேச்சே, அந்த வாடையே ஆகாது தாயி." வாய் கொப்பளிக்கக் கொல்லைக்குப் போனவர் திரும்பி வர வெகுநேரம் ஆனது. எனக்கோ உள்ளூரப் பெருமை. நான் எழுதிய சீட்டுகள் எப்படி ஆட்களைத் திருத்தியிருக்கின்றன, பாருங்கள்!

கடைசியில் எங்கள் ஊர்க் கணக்கில் ஒரு ஆள் குறைந்தது. நானே வாயைத் திறந்தேன். புகையிலைக் கேள்விக்கு "இல்லை" என்றேன். அடுப்படி வாசலில் என் மனைவி நின்றிருந்தாள்.

சில்லுகளில் எண் மட்டும்தான் இருக்கும். யாருடையது, என்ன பதில் சொன்னார் என்ற பட்டியலைப் பேராசிரியர் பூட்டி வைத்துவிட்டார். "ஆளு தெரிஞ்சா கண்ணு சாஞ்சிரும்பா" என்றாள் மகள். எல்லாவற்றையும் எண்ணி முடித்த பிறகே பட்டியலைத் திறந்தார்கள்.

அந்த வாரம் வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவே இல்லை.

"தப்பாயிருச்சுப்பா. ஸ்ரீவில்லிபுத்தூர்ல பதிலும் சில்லும் ஒத்துப் போகுது. நம்ம ஊர்ல இல்லன்னு சொன்னவங்கள்ல முக்காவாசிப் பேருகிட்ட குஞ்சு நிக்கி."

சாயத்தைச் சந்தேகப்பட்டு மாற்றிப் பார்த்திருக்கிறாள். கூடப் படிக்கிறவளை எண்ணச் சொல்லியிருக்கிறாள். எண்ணிக்கை மாறவில்லை.

"ரெண்டு ஊருக்கும் ஒரே குச்சி, ஒரே கேள்வி. கூட வந்ததும் ஒரே ஆளு. ஆனா அங்க அந்த ஆள யாருக்கும் தெரியாது" என்று சொல்லி என்னைப் பார்த்தாள்.

"ஒத்து வராதத மட்டும் தள்ளிட்டு மிச்சத்த எழுதக் கூடாதா?" என்றேன்.

"அது நான் கண்டதா இருக்காது, நான் ஆசப்பட்டதா இருக்கும். ஐம்பது பேர்ட்டயும் மறுபடி கேக்கப் போறேன். நீங்க வரக் கூடாது."

இரண்டு வாரம் தனியாகவே அலைந்தாள். நான் தெருமுனையில் நின்று வழி பார்த்தேன். ஒருநாள் மில்லில், நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பிரிவு அம்மாள் ஒருத்தி எல்லாருக்கும் கேட்கும்படி, "சார், ஒங்க மக கெட்டிக்காரி! சீட்டு எழுதுற கைய வாசல்ல நிறுத்தி வச்சுட்டு வாயத் தொறன்னா எவ தொறப்பா? பொறவு தனியா வந்துச்சு, அம்புட்டையும் கொட்டிட்டோம்லா!" என்றாள். பிரிவே சிரித்தது. அன்று நான் யாருக்கும் சீட்டு எழுதவில்லை.

நாற்பத்தொன்பது பேரையும் முடித்துவிட்டு என் எதிரே தாளோடு வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, செத்த நேரம் வெளிய இரு. கேக்கும்போது வேற யாரும் இருக்கக் கூடாது." கதவைச் சாத்தினாள். "வயசு?"

"ஒனக்குத் தெரியாதா?"

"கேக்கணும்பா."

"நாப்பத்தெட்டு."

"புகையிலை போடுவீங்களா?"

தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என் சில்லில் என்ன இருந்தது என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் முதல்முறை கேட்பதுபோலவே அந்தக் குரல் இருந்தது.

"போடுவேன்."

"எத்தன வருசமா?"

"பதினாறு." நூல் குடோனில், மூட்டைகளுக்குப் பின்னால்.

"துப்புவீங்களா, அதக்கி வைப்பீங்களா?"

"துப்புனா எனக்கு நானே சீட்டு எழுதணுமேட்டி."

சட்டென்று சிரித்துவிட்டாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எந்தப் பக்கம்?" என்றாள்.

"இடது."

எழுதி முடித்துவிட்டு டார்ச் எடுத்து வந்து என் வாய்க்குள் அடித்தாள். இடது கன்னத்தில் காசளவு வெள்ளைத் திட்டு. மறுநாளே மதுரைக்கு அழைத்துப் போனாள். துளி சதை வெட்டி எடுத்தார்கள். முடிவு வர ஒரு வாரம் ஆனது. அந்த வாரத்தைப் பற்றி எழுத இப்போதும் கை வரவில்லை. இன்னும் புற்றாகவில்லை, இன்றோடு விட்டுவிடுங்கள் என்றார் மருத்துவர். விட்டுவிட்டேன்.

அவள் ஆய்வேடு கெட்டி அட்டை போட்டு வீட்டில் இருக்கிறது. புகையிலை அதக்குகிற பக்கத்தில்தான் குஞ்சுகள் அதிகம் என்பது அவள் கண்டது. வருகிறவர்களுக்கு நான் எடுத்துக் காட்டுவது அந்த முடிவை அல்ல. ஆய்வு முறை பற்றிய அத்தியாயத்தில் ஒரு பத்தி: மில் அதிகாரி ஒருவர் உடனிருந்ததால் முதல்சுற்றுப் பதில்கள் நம்பத் தகுந்தவையாக இல்லை, தவறு ஆய்வாளருடையது, எல்லாப் பதில்களும் மீண்டும் பெறப்பட்டன. மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திராது. எழுதிவிட்டாள்.

"அந்த அதிகாரி நான்தான்" என்று சொல்லிவிட்டு, நாக்கால் இடது கன்னத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்வேன்.