ஆடாமல் நின்ற எண்

திங்கட்கிழமை காலை எட்டேகால். தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "பிள்ளைக்கு இதயத்துடிப்பு சரியில்லை, உடனே ஆபரேஷன் பண்ணணும்" என்றார். வயிறு என்னுடையது, கையெழுத்து வீட்டுக்காரருடையதாம். அவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு தன் அப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

மாமனாருக்கு ஸ்ரீவைகுண்டத்தில் பலசரக்குக் கடை. சாக்கு தைக்கிற ஊசி வாங்கக்கூட நேரம் பார்ப்பவர். "ராகுகாலம் ஒம்பதுக்கு முடியுது. முக்கா மணி நேரத்துல என்ன கெட்டுப்போவுது? வாரவன் நல்ல நேரத்துல வரட்டும்" என்றார். டாக்டரம்மா கத்தினார். நானும் கத்தினேன். ஒன்பது அடித்த பிறகுதான் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். அடச்சீ, இவரெல்லாம் ஒரு ஆம்பிளை!

பையன் அழவில்லை. மூச்சு முட்டிப் பிறந்திருந்தான். மூளையில் சேதம் பரவாமலிருக்க மூன்று நாள் கண்ணாடி அறையில் அவன் உடம்பைக் குளிரவைத்தார்கள். நெஞ்சில் ஒயர்கள், தலைமாட்டில் மானிட்டர். அதில் இதயத்துடிப்பைக் காட்டும் நூற்று நான்கு என்ற எண் அசையாமல் நின்றது.

"பாத்தியளா? தராசு முள்ளு மாதிரி ஆடாம நிக்கு. நல்ல நேரத்துல பொறந்த பிள்ளைலா!" மாமனார் வருவோர் போவோரிடமெல்லாம் இதையே சொன்னார். சொந்தக்காரர்களும் தலையாட்டினார்கள். அத்தனை மண்டையிலும் களிமண்.

டாக்டரம்மா என்னிடம் மட்டும் சொன்னார்: "நல்லா இருக்கிற பிள்ளைக்குத் துடிப்பு கூடும், குறையும். மூளை சொல்றதை இதயம் கேக்கும். இது ஒரே மாதிரி நிக்கிறதுதான் எனக்குப் பயம்." அப்புறம் நான் அந்த எண்ணை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆடுடா, ஆடித் தொலைடா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

நான்காம் நாள் சாயங்காலம், உடம்பு பழைய சூட்டுக்கு வந்த பிறகு, நர்ஸ் அவன் உள்ளங்காலைத் தொட்டாள். நூற்றுப் பதினெட்டு. நூற்று முப்பத்தொன்று. மறுபடியும் நூற்று இருபது. கண்ணாடிக்கு வெளியே மாமனார் பதறினார். "ஐயய்யோ, ஆடுதே! யாராவது வாங்களேன்!" டாக்டரம்மா ஓடிவந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். நான் வாய்விட்டு அழுதேன்.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் மாமனார், "நான் பாத்த நேரந்தான் பிள்ளையக் காப்பாத்திச்சு. அடுத்ததுக்கும் நானே பாத்துத் தாரேன்" என்றார்.

"அடுத்தத நீங்களே பெத்துக்கிடுங்க, மாமா."

"பெரியவங்ககிட்ட இப்படியா பேசுவ?" என்றார் வீட்டுக்காரர்.

"அன்னைக்கு நீங்க பேசியிருந்தா, இன்னைக்கு நான் ஏன் பேசுதேன்?"

பையனுக்கு இப்போது மூன்று வயது. பேச்சு வந்துவிட்டது. இடது கால் மட்டும் லேசாக இழுக்கும். அதற்கு எந்தக் கோயிலில் பரிகாரம் செய்யலாம் என்று மாமனார் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.