நாலாய்ப் பிரித்த போர்வை நாவல்

வாடகைக்கு நாவல் கொடுப்பவனுக்கு எல்லா நாவல்களின் கதையும் தெரியும். ஆனால் எந்த நாவலும் முழுசாய் அவன் அலுமாரியில் இருக்காது. புத்தகம் இரவல் கொடுத்துக் கையைச் சுட்டுக்கொண்ட அன்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கத்தரி

முப்பதுகளில் கண்டி நகரத்தில் ஒற்றை அறை, ஓர் அலுமாரி, நான் உட்கார ஒரு கதிரை. இவ்வளவுதான் என் நூல்நிலையம். சென்னையிலிருந்து வந்த பார்சலில் ஒரு நாவல் இருந்தது. நான்கு சிநேகிதிகள் கூடி உட்கார்ந்து, துணித்துண்டுகளைச் சேர்த்து ஒரு போர்வை தைக்கிறார்கள். தைத்துக்கொண்டே ஊர்க்கதை பேசுகிறார்கள். முந்நூறு பக்கம் முடிந்துவிடுகிறது. இதை யார் சீந்தப்போகிறார்கள் என்று நினைத்தேன். குளிரூர்க்காரர்களுக்குப் போர்வை மேல் தனிப் பற்று போலும், ஆளாளுக்கு அதைத்தான் கேட்டார்கள்.

இருந்ததோ ஒரே பிரதி. நச்சரிப்புத் தாங்காமல் கட்டு நூலைக் கத்தரித்து, நாவலை நாலு பாகமாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மட்டை ஒட்டினேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். முதல் பாகத்துக்கு வந்த, நகர ஓரத்து மஹய்யாவ செல்லம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“நாலு பொம்பளைங்க கஷ்டப்பட்டு ஒட்டுனத, ஒத்த ஆம்பளயா நின்னு பிரிச்சிட்டீங்களே அண்ணே!”

பக்க அடையாளம்

வாசித்த பக்கம் தெரிய வாசகர்கள் உள்ளே வைக்கும் சாமான்கள் பலவிதம். வெற்றிலைக் காம்பு, ஊதுவத்திக் குச்சி, கிழிந்த ரவிக்கை நாடா. ஒருமுறை பாதிக் கருவாடு. அன்றோடு, திரும்பி வரும் புத்தகத்தைத் திறந்து பார்ப்பதை விட்டுவிட்டேன். மட்டையைத் தட்டி அலுமாரியில் வைத்துவிடுவேன். கருவாட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கண்டித்தபோது அவர் துளியும் அசையவில்லை.

“கருவாடு போனாப் போகுது. எந்தப் பக்கத்துல இருந்திச்சின்னு பாத்து வச்சீங்களா?”

மூன்றாம் பாகம்

நாவலின் இரண்டாம் பாகம் ஒரு சந்தேகத்தோடு முடியும். தையல் கூடையிலிருந்த நீலப் பட்டுத் துண்டு காணாமல் போகிறது. தோழி ஒருத்திதான் எடுத்திருக்கிறாள். ஏன் எடுத்தாள் என்பது மூன்றாம் பாகத்தில் வருகிறது. அந்த மூன்றாம் பாகம் ஒரு யாழ்ப்பாணத்துக் கிளாக்கரிடம் மாட்டிக்கொண்டது. அரசாங்கக் கந்தோரில் வேலை. நாவல் வாசித்தால் குடும்பம் கெடும் என்பது அவர் கட்சி. முதல் இரண்டு பாகமும் வெளியே போயிருந்ததால் மூன்றிலிருந்தே ஆரம்பித்தவர், இரண்டு கிழமையாகியும் திருப்பித் தரவில்லை. நேரில் போனேன். தேவாரப் புத்தகத்தின் அட்டைக்குள் நாவல் இருந்தது.

“நானோ நாவல் வாசிக்கிறது? மனுசிதான் வாசிக்கிறா. ஆனா அந்தப் பெட்டை துண்டை ஏன் எடுத்தவள் எண்டு அறியாமல் நான் இதைத் தரமாட்டன்.”

கூறைத் துண்டு

இதற்குள் மஹய்யாவவில் சண்டைத் தீ பிடித்துவிட்டது. செல்லம்மாவும் அடுத்த வீட்டு ஹாஜராவும் நாவலைப் பார்த்தே ஒரு போர்வை தைத்துக்கொண்டிருந்தார்கள். பிரசவத்துக்கு வந்திருந்த செல்லம்மாவின் மகள், வரும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கலஹா மலையில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்புகிறாள். அந்தக் குளிருக்குத்தான் போர்வை. ஹாஜராவின் அண்ணன் திகனவில் புடவைக் கடை வைத்திருந்தார். துண்டுகள் அங்கிருந்து வந்தன. செல்லம்மா வாசிப்பாள், எழுத்துத் தெரியாத ஹாஜரா தைத்துக்கொண்டே கேட்பாள்.

நடுவில் வைக்க, செல்லம்மா தன் கூறைச் சேலையிலிருந்து ஒரு சிவப்புத் துண்டு வெட்டி வைத்திருந்தாள். அது காணவில்லை. இரண்டாம் பாகத்தை அப்போதுதான் முடித்து என்னிடம் திருப்பித் தந்திருந்த செல்லம்மாவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. போர்வை பாதியில் நின்றது. ஹாஜரா கண் சிவக்க என் கடைக்கு வந்தாள்.

“இருவது வருஷம் ஒரே கிணத்துல தண்ணி அள்ளினோம் முதலாளி. ஒங்கட பொஸ்தகம் ரெண்டே நாள்ல என்னைக் கள்ளியாக்கிட்டுது.”

மன்னிப்பு

கிளாக்கரின் காலில் விழாத குறையாக மூன்றாம் பாகத்தை வாங்கி, செல்லம்மாவிடம் ஓடினேன். அதில், தோழி திருடவில்லை. யாருக்கும் தெரியாமல் ஒரு பூ பின்னித் தரத்தான் எடுத்திருக்கிறாள். செல்லம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். எல்லாம் சுபம் என்று நான் வாசலில் நின்றேன். உள்ளே சத்தம் முன்னைவிடப் பெரிதாய்க் கேட்டது. மன்னிக்கப்படுவதற்கு ஹாஜரா எதையும் எடுத்திருக்கவில்லையே!

“பூப் பின்னத்தானடி எடுத்த? அதான் மன்னிச்சிட்டேன்னு சொல்றேன்ல, ஒத்துக்கிட்டா என்ன கொறஞ்சா போயிருவ?”

சிவப்பு

வெள்ளிக்கிழமை காலையில் கிளாக்கர் வந்தார். முன்கதை அறிய அவருடைய ‘மனுசி’ எடுத்துப்போன இரண்டாம் பாகத்துக்குள்ளிருந்து ஒரு சிவப்புத் துணியை எடுத்து மேசையில் வைத்தார். செல்லம்மா தன் கையாலேயே அடையாளத்துக்கு வைத்து மறந்த கூறைத் துண்டு. நான் மட்டையை மட்டும் தட்டி வைத்த அந்தப் பாகத்தில் அத்தனை நாளும் இருந்திருக்கிறது. எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. நியாயம் ஹாஜரா பக்கம் என்று சொல்ல முதலில் அவளிடம்தான் ஓடினேன். அவள் துண்டை மடியில் வைத்து நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தாள்.

“அவக்கிட்ட சொல்லாதீங்க முதலாளி. தான் வெச்சதுதான் எண்டு தெரிஞ்சா வெக்கத்துல என் மொகத்த ஏறிட்டுப் பாக்கமாட்டா. புள்ள போர்வையில்லாமப் போயிரும்.”

அன்று பகல் முழுக்க உட்கார்ந்து அதில் ஒரு பூவைப் பின்னினாள். “ஓம், நான்தான் எடுத்தன்” என்று கொண்டுபோய்க் கொடுத்தாள். இருவருமாய்ச் சனிக்கிழமை போர்வையை முடித்தார்கள். ஞாயிறு காலை கலஹா பஸ்ஸில் பிள்ளை கதகதப்பாய்ப் போனது. வழியனுப்ப வந்த செல்லம்மா, பக்கத்தில் ஹாஜராவை வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்:

“பாத்தீங்களா அண்ணே, அச்சுல வந்தது பொய்யாகுமா?”

நட்பைப் பற்றிய அந்த நாவலை வாசித்த நாங்கள் எல்லோரும் வாயாரப் புகழ்ந்தோம். வாசிக்கத் தெரியாத ஒருத்தி மட்டும்தான் நட்புக்காகப் பொய் சொன்னாள்.