மச்சான் சொன்ன புளோயர் கதை

இயந்திரங்கள் எவ்வளவு ஆடுகின்றன என்று அளந்து சொல்வது என் தொழில். காரைக்குடியைச் சுற்றி அரிசி ஆலை, நூற்பாலை, ஜெனரேட்டர் அறை என்று எங்கே எது உதறினாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவேன். துணி துவைக்கும் மிஷின் தண்ணீர் பிழியும்போது தானாக நடந்து கதவு வரை வருவதைப் பார்த்துப் பதறியவர் நீங்கள் என்றால், நாம் ஒரே இனம். இந்தத் தொழிலில் நான் அதிகம் பேருக்குச் சொன்னது, காற்றை ஊதும் ஒரு புளோயர் உடைந்த கதை. அதைப் பல வருடங்களாக நானே முழுதாக நம்பியதில்லை. இருந்தும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

பள்ளத்தூர் ஜன்னல்

பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டை ஹோட்டலாக மாற்றியிருந்தார்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடினால் மாடியில் ஒரே ஒரு ஜன்னல் மட்டும் கடகடவென்று அடிக்கும். தங்க வந்தவர்கள் அறையை மாற்றச் சொன்னார்கள். ஜெனரேட்டரை அளந்தேன், குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆடக்கூடிய எந்தப் பொருளுக்கும் தனக்கென்று ஒரு வேகம் உண்டு. ஊஞ்சலை அது வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் விரல் நுனி போதும். நேரம் தப்பித் தள்ளினால் முழுப் பலமும் வீண். அந்த ஜன்னலின் வேகமும் ஜெனரேட்டரின் வேகமும் ஒன்றாக அமைந்துவிட்டன. சட்டத்துக்குக் குறுக்கே ஒரு கட்டை அடித்தால் ஜன்னல் விறைத்துக்கொள்ளும், சத்தம் நிற்கும் என்றேன். ஹோட்டலை நடத்தும் ஆச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஜெனரேட்டரைப் பாக்க வந்த ஆளு, எங்க ஜன்னலுக்கு வைத்தியம் சொல்றீக. நல்லா இருக்கு!"

செக்காலையில் ஒரு ஸ்பிரிங்

காரைக்குடி செக்காலைப் பகுதியில் மோட்டார் பழுது பார்ப்பவர்கள் கூடி என்னைப் பேச அழைத்தார்கள். கொக்கியில் ஒரு ஸ்பிரிங்கைத் தொங்கவிட்டு, அடியில் எடைக்கல்லைக் கட்டினேன். கொஞ்சம் இழுத்து விட்டாலும் அதிகம் இழுத்து விட்டாலும் ஒரு முறை போய்வர ஆகும் நேரம் மாறவில்லை. கல்லின் கனத்தைக் கூட்டினால் ஆட்டம் மெதுவாகும். ஸ்பிரிங் விறைப்பானால் வேகமாகும். இதுதான் அடிப்படை, மற்றதெல்லாம் இதன் மேல் கட்டியது.

கடைசியில் வழக்கம்போல் புளோயர் கதை. தேவகோட்டைப் பக்கம் ஓர் அரிசி ஆலை. உமியை ஊதித் தள்ளும் புளோயரை ஓட்டியவர் கருமேகம் என்பவர். மேற்பார்வை, என் மனைவியின் அண்ணன் சுப்பையா மச்சான். மச்சான் சொன்னது இது: புளோயரின் ஸ்டாண்டைத் தரையோடு பிடிக்கும் அடிப்போல்ட்டை இறுக்காமல் கருமேகம் டீ குடிக்கப் போய்விட்டார்; மச்சான் ஆலை வாசலை ஒட்டிய ஆபீசில் இருந்தார்; சத்தம் கேட்டு அவர் ஓடிவருவதற்குள் புளோயர் உடைந்து, ஒரு துண்டு சுவரில் பதிந்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. கருமேகத்துக்கு வேலை போனது.

இதைச் சொல்லும்போது மச்சானைப் போலவே நானும் கையால் செய்து காட்டுவேன். முதலில் லேசாக ஒரு நடுக்கம். பிறகு தகரக் கூரை பேச ஆரம்பிக்கும். பிறகு ஸ்டாண்டே எழும்பி எழும்பி உட்காரும். முன்வரிசையில் இருந்த ஒரு மெக்கானிக் சிரித்தார். "சார், பக்கத்துல நின்னு பாத்தவுக மாதிரியில்ல சொல்றீக!"

நூற்பாலை ஃபேன்

அந்தச் சிரிப்பு என்னை விடவில்லை. கொஞ்ச நாளில் ஒரு நூற்பாலையில், காற்றை உறிஞ்சும் ஃபேன் உதறுகிறது என்று கூப்பிட்டார்கள். போல்ட் இறுக்கமாக இருக்கும்வரை, ஃபேன் நிற்கும் ஸ்டாண்ட் ஆடும் சொந்த வேகம், ஃபேன் சுற்றும் வேகத்தைவிட மேலே இருக்கும். இதழ்களில் தூசி ஒரு பக்கமாகப் படிந்தால் ஃபேன் உதறும். எவ்வளவு நன்றாக இறுக்கிய போல்ட்டையும் அந்த உதறல் தளர்த்திவிடலாம். தளரத் தளர ஸ்டாண்டின் வேகம் இறங்கி வரும். இரண்டு வேகமும் சந்திக்கும் இடத்தில்தான் ஆபத்து.

அன்று ஸ்டாண்டின் வேகம் அப்படி இறங்கி வருவதைக் கண்ணெதிரே பார்த்தேன். மச்சான் கையால் காட்டிய அதே வரிசை: நடுக்கம், தகரம், ஸ்டாண்ட். எதுவும் ஒரு நொடியில் நடக்கவில்லை. அதற்குள் ஒரு டீயைப் பொறுமையாகக் குடித்து முடிக்கலாம்; பக்கத்தில் நிற்பவர் மிஷினை நிறுத்தியும் விடலாம். ஆபீசில் இருந்த மச்சானுக்கு இந்த வரிசை எப்படித் தெரிந்தது? யோசித்தபடி மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபேனை ஓட்டும் செல்வி, சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு கத்தினார். "சார், ஆஃப் பண்ணிரவா, இல்ல இன்னுங் கொஞ்ச நேரம் ரசிக்கப் போறீகளா?"

மண்டபத்துக் காவலாளி

கருமேகம் இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் காவல் வேலை பார்க்கிறார். ஆலையை உடைத்தவர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டதால் அதன் பிறகு யாரும் அவரை மிஷின் பக்கம் விடவில்லை. போன மாதம், புதிதாக அரிசி ஆலை வைப்பவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "கருமேகம்னு ஒருத்தர் வேலை கேட்டு வந்திருக்காரு. நம்பி மிஷின்ல விடலாமா? நீங்க சொன்னா சரி." யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். ஒருவருடைய பிழைப்பு என் ஒரு வார்த்தையில் தொங்கியது. என்னிடம் இருந்ததோ மச்சானின் கதை மட்டும்.

மண்டபத்துக்கே போனேன். அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அன்றைக்குப் போல்ட்டை இறுக்கினீர்களா என்று கேட்டேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இறுக்குனேன்னுதான் சார் அப்பச் சொன்னேன். அத்தனை பேரும் இல்லை இல்லைன்னதும், இப்ப எனக்கே தெரியலை."

மச்சான் வீட்டில்

ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு மச்சான் வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டு முடித்ததும் கருமேகத்துக்கு வேலை கிடைக்கலாம் என்று சொன்னேன். "அவனையா? இந்தத் தடவை யாரோட ஆலையை உடைக்கவாம், மாப்ள?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே கதையை ஆரம்பித்தார். நடுக்கம் வந்தது, தகரம் பேசியது. ஸ்டாண்ட் எழும்புவதற்காக அவர் கை மேலே போனபோது நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அடுக்களை வாசலில் என் மனைவி அப்படியே நின்றுவிட்டாள்.

ஆட்டம் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தவன், சொந்த வீட்டு ஆட்டத்தை மட்டும் இத்தனை வருடம் அளந்துகொண்டே இருந்திருக்கிறேன்.

"மச்சான், அது ஆடி ஆடிக் கூடுனப்ப நீங்க எங்க நின்னீக?"